எல்லாரும் "நல்லா இருக்கு" என்கிறார்கள்: கிராமத் தன்னார்வலர்கள் மீது ஊருக்கு உள்ள திருப்தியை எப்படிக் கேட்பது?

குறிப்பேடு கேட்டது:

வணக்கம் நண்பர்களே. கிராமங்களில் வீடு வீடாகப் போய் வரும் சுகாதாரத் தன்னார்வலர்கள் மீது மக்களுக்கு எந்த அளவு திருப்தி இருக்கிறது என்று விசாரித்து எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. திட்டத்தை நடத்துவது ஒரு சிறிய தொண்டு நிறுவனம். தன்னார்வலர்கள் எல்லாரும் அந்தந்த ஊர்ப் பெண்கள். குழந்தைகளின் எடை பார்ப்பது, கர்ப்பிணிகளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது, வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஜிங்க் மாத்திரையும் கொடுப்பது, பிரஷர், சுகர் உள்ளவர்களுக்கு மாதாமாதம் மாத்திரை கொண்டுபோய்ச் சேர்ப்பது, இவ்வளவும் அவர்கள் தலையில்.

கேள்வித்தாள் வழக்கமானதுதான். "தன்னார்வலரின் சேவை உங்களுக்கு எவ்வளவு திருப்தி?" என்று கேட்டு, "மிகவும் திருப்தி" தொடங்கி "கொஞ்சமும் திருப்தி இல்லை" வரை ஐந்து கட்டங்கள். ஒரு ஊரில் முன்னோட்டமாகக் கேட்டுப் பார்த்தோம். ஏறக்குறைய எல்லா டிக்கும் முதல் இரண்டு கட்டங்களிலேயே விழுந்தது. நிறுவனத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

காரணம், தாளை மூடிய பிறகு வந்த பேச்சு. "மிகவும் திருப்தி" என்று சொன்ன ஒரு பாட்டி, நான் எழுந்திருக்கும்போது, "பிரஷர் மாத்திரை மட்டும் போன மாசமும் வரல, அதுக்கு முந்தின மாசமும் வரல. நீ மேல சொல்லுப்பா" என்றார். இன்னொரு வீட்டில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மருமகள் எல்லாக் கேள்விக்கும் "நல்லா பார்த்துக்கிறாங்க" என்றே பதில் சொன்னார். வழியனுப்ப வாசல் வரை வந்தவர், "அந்த அக்கா நல்லவங்கதான். ஆனா எல்லாத்தையும் அவங்ககிட்ட சொல்லிட முடியாதுங்க" என்றார். இதை நான் எந்தக் கட்டத்தில் குறிப்பது?

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. மதிப்பெண் குறைந்தால் அந்தப் பெண்களை மாற்றிவிட்டு வேறு ஆள் போடுவார்கள். கூடினால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று கோப்பை மூடிவிடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் அந்தப் பாட்டிக்கு மாத்திரை வரப்போவதில்லை. களத்தில் வேலை செய்தவர்கள், இப்போதும் செய்பவர்கள், சொல்லுங்கள்: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

---

செவிலியக்கா பதில்:

தம்பி, பணியில் இருந்த காலத்தில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், அவர்கள் கூடவே வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பதும்தான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

திருப்தியா என்று கேட்டால் ஊர் எப்போதும் ஆமாம் என்றுதான் சொல்லும். வீடு தேடி வருகிற ஒரே ஆளைக் குறை சொல்லி, அவரும் வராமல் போய்விட்டால்? கேட்க வருகிறவர் நிறுவனத்தின் அடையாள அட்டையோடு வருகிறார், சில ஊர்களில் தன்னார்வலரே வீடு காட்டக் கூட வருகிறார். அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்? அதனால் நடந்ததைக் கேளுங்கள். "உங்கள் குழந்தைக்குக் கடைசியாக எப்போது காய்ச்சல் வந்தது? முதலில் யாரிடம் போனீர்கள்? அவர் இருந்தாரா? என்ன பார்த்தார்? என்ன கொடுத்தார்? மறுபடி வந்து விசாரித்தாரா?" கடைசியாக நடந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு படிப்படியாகக் கேட்டால் யாரையும் குறை சொல்கிற சங்கடம் அவர்களுக்கு இல்லை. ஊரில் பாதிப் பேர் தன்னார்வலர் வீட்டைத் தாண்டி நேராக ஊசி போடுகிறவரிடம் போயிருக்கிறார்கள் என்றால், ஐந்து கட்டம் சொல்லாததை அது சொல்லிவிடும்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நன்றாக வேலை செய்வதாலேயே மதிப்பெண் குறைகிற தன்னார்வலர்களை நான் பார்த்திருக்கிறேன். சளி, இருமலோடு ஒரு குழந்தையைக் கொண்டுவந்தால் அவர் செய்ய வேண்டிய முக்கியமான வேலை மூச்சை எண்ணுவது. 2 மாதத்திலிருந்து 1 வயது நிறையாத குழந்தை நிமிடத்துக்கு 50 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் நிமோனியா என்று சந்தேகிக்க வேண்டும். 1 வயதிலிருந்து 5 வயது நிறையாத குழந்தைக்கு அந்த எல்லை 40. அழுகிற குழந்தையையோ பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தையையோ எண்ணக் கூடாது, கணக்குத் தப்பிவிடும். அது அமைதியாகும் வரை காத்திருந்து, சட்டையைத் தூக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிற வேலை ஆகாது.

இவ்வளவும் செய்து, மூச்சு வேகமாக இல்லை, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கவில்லை, குழந்தை பால் குடிக்கிறது என்று தெரிந்தால் ஆன்டிபயாடிக் தேவையில்லை. அபாய அறிகுறி என்னென்ன என்று சொல்லிக்கொடுத்து, அதில் ஏதாவது தெரிந்தால் உடனே வரச் சொல்லி அனுப்ப வேண்டும். அந்தத் தாய்க்கு என்ன தோன்றும்? "பிள்ளை வயித்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க, ஒரு மாத்திரைகூடக் கொடுக்கல." கேட்டதும் ஊசி போடுகிறவர் மேல் அவருக்குத் திருப்தி அதிகமாகத்தான் இருக்கும். மருத்துவமாகப் பார்த்தால் சரியாகச் செய்தது தன்னார்வலர்.

இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறவர்களும் உண்டு. தாயைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இங்க பாருங்க, வயிறு ஏறி இறங்குதுல்ல, அதை எண்ணுறேன். இந்த வயசுக்கு அம்பது வந்தாலே ஆபத்து, இப்ப முப்பத்தாறுதான் வருது. ராத்திரி நீங்களும் பாருங்க, வேகம் கூடினா நேரம் பார்க்காம என்னை எழுப்புங்க" என்பார்கள். இவர்களும் மாத்திரை கொடுப்பதில்லை, ஆனால் அந்தக் குறை இவர்கள் மேல் வருவதில்லை. ஆகவே உங்கள் தாளில், "என்ன பார்க்கிறார், ஏன் பார்க்கிறார் என்று உங்களுக்குச் சொன்னாரா?" என்ற கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும். ஆளை மாற்றாமல், பயிற்சியிலேயே சரி செய்யக்கூடிய விஷயம் இது.

பாட்டி சொன்னது தன்னார்வலர் பற்றிய குறையே இல்லை, அவர் மருந்துப் பை காலியாக இருப்பது பற்றிய குறை. அந்த ஆள், அவர் பை, அவர் அனுப்பிவைக்கும் ஆஸ்பத்திரி, மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். சீட்டு எழுதி அனுப்பினாரே, அங்கே அதை யாராவது வாங்கிப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். அந்தச் சீட்டை மதிக்காமல் திருப்பி அனுப்பினால் அந்தக் கோபமும் ஊரில் இந்தப் பெண் மேல்தான் இறங்குகிறது.

மருமகள் சொன்னதை லேசாக விடாதீர்கள். சொந்த ஊர்க்காரர் என்பதால்தான் தன்னார்வலரால் எந்த வீட்டிலும் அடுப்படி வரைக்கும் போக முடிகிறது. அதே காரணத்தால்தான் சில விஷயங்களை அவரிடம் சொல்லப் பயம். கருத்தடை, கருக்கலைவு, காசநோய், கணவன் கை ஓங்குவது, இதெல்லாம் அவர் வழியாக நாளைக்கு உறவுக்காரர்கள் காதுக்குப் போய்விடுமோ என்ற பயம். "ஊருக்குத் தெரியக் கூடாத ஒரு விஷயத்தை இவரிடம் சொல்வீர்களா?" என்று ஒரு பெண்ணைக்கொண்டு, தனியாக வைத்துக் கேளுங்கள். பக்கத்தில் மாமியாரும் வேண்டாம், கணவனும் வேண்டாம்.

---

நானும் ஒரு தன்னார்வலர் பதில்:

செவிலியக்கா சொன்ன பை விஷயத்துக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். மாத்திரை ஸ்டாக் இல்லாத மாதத்தில் அந்தத் தெருவுக்குள் போகவே கால் வராது. "சும்மாதான் வந்தியா?" என்று கேட்பார்கள். போகாமல் இருந்தால் "ஆளையே காணோம்" என்பார்கள். இரண்டு கெட்ட பெயரில் எது வேண்டும் என்று நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

பதிவேடு இன்னொரு தொல்லை. கர்ப்பிணிக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று, அதையே மறுபடி போனில் ஏற்ற வேண்டும். ஒரு வீட்டில் உட்கார்ந்தால் பாதி நேரம் குனிந்து எழுதுவதிலேயே போய்விடுகிறது. முகத்தைப் பார்த்துப் பேசினால்தானே அவங்களும் மனசுவிட்டுப் பேசுவாங்க. போனில் "பார்வை முடிந்தது" என்று விழுந்துவிட்டால் மேலே இருப்பவர்களுக்குத் திருப்தி. அந்த வீட்டுக்குத் திருப்தியா என்பது வேறு கணக்கு.

ராத்திரி வலி வந்தால் எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். போகிறோம், அதில் எனக்குக் குறையே இல்லை. ஒரு பெண் பிரசவ அறைக்குள் போகும் வரைக்கும் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தது எனக்குக் கடைசி வரை மறக்காது. ஆனால் ஆஸ்பத்திரியில் போய் இறங்கியதும் எனக்கு உட்கார ஒரு நாற்காலி கிடையாது, "நீ யாரும்மா?" என்று வெளியே நிற்க வைக்கிறார்கள். என்னோடு வந்த குடும்பம் அதைப் பார்க்கிறது. அங்கேயே மதிக்காத ஆள் சொல்வதை நாளைக்கு அந்தக் குடும்பம் எப்படிக் கேட்கும்?

தயவுசெய்து எங்களிடமும் கேளுங்கள். ஊர் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதோடு, ஊரும் நிறுவனமும் எங்களை எப்படி நடத்துகிறது என்பதையும் எழுதுங்கள்.

---

புள்ளியியல் மாணவன் பதில்:

மேலே இருக்கும் இரண்டு பதிலையும் மதித்தே ஒரு மாற்றுக்கருத்து. ஐந்து கட்டக் கேள்வியைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரே ஒரு கேள்வியாக, தாளின் கடைசியில் வையுங்கள். ஒரு வருடம் கழித்து அதே ஊரில் அதே மாதிரி கேட்டால் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். அந்த எண்ணைத் தனியாக எடுத்துக்கொண்டு "ஊர் திருப்தியாக இருக்கிறது" என்று எழுதுவதுதான் தப்பு.

கேட்கிற ஆள் நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். கேட்கப்போகும் வீடுகளைத் தன்னார்வலரின் பதிவேட்டிலிருந்து எடுக்காதீர்கள், அதில் இருப்பது அவர் ஏற்கெனவே போகிற வீடுகள். ஊரின் முழு வீட்டுப் பட்டியலிலிருந்து குலுக்கி எடுங்கள். ஓரத்து வீடுகள், ஊரோடு ஒட்டாமல் ஒதுக்கி வைக்கப்பட்ட குடும்பங்கள், வேலைக்காக வந்து தங்கியிருப்பவர்கள் எல்லாம் அப்போதுதான் கணக்கில் வருவார்கள். "எங்க வீட்டுக்கு அப்படி யாரும் வர்றதில்லையே" என்ற பதிலுக்கும் தாளில் இடம் வேண்டும். பல தாள்களில் அதற்கு ஒரு கட்டம்கூட இருப்பதில்லை.

ஊர்ப் பெண்களைச் சுகாதார வேலைக்குப் பயிற்றுவிப்பது நேற்று வந்த யோசனை இல்லை. 1978-இல் அல்மா-அட்டாவில் கூடிய உலக நாடுகளின் சுகாதார மாநாடு ஆரம்ப சுகாதாரத்தில் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களுக்கு இடம் கொடுத்ததற்கு முன்பே, 1970-இல் மகாராஷ்டிராவின் ஜாம்கெட்டில் மருத்துவத் தம்பதி ரஜனிகாந்த் அரோலேயும் மேபல் அரோலேயும் ஒரு சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கி, அதில் பள்ளிக்கூடமே போகாத கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்தார்கள். அவர்களில் பலர் தலித் குடும்பத்துப் பெண்கள். நேபாளத்தில் 1988-இல் தொடங்கிய பெண் தன்னார்வலர் திட்டத்தில் சுமார் 50,000 பேர் இருக்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு முறை குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுப்பது அவர்கள் கையால்தான் நடக்கிறது.

ஊர்ப் பெண்களின் திறமை பற்றிச் சந்தேகப்படுகிறவர்களுக்கு மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டம் ஒரு பதில். அங்கே மருத்துவர்கள் அபய் பாங், ராணி பாங் தம்பதியின் குழு 39 கிராமங்களில் பயிற்சி பெற்ற ஊர்ப் பெண்களைக்கொண்டு பிறந்த குழந்தைகளை வீட்டிலேயே கவனித்தது. ரத்தத்தில் கிருமித்தொற்று என்று சந்தேகம் வந்தால் ஆன்டிபயாடிக் ஊசி போடுவதும் அதில் அடக்கம். மூன்றாவது வருடத்தில், ஒப்பிட்டுப் பார்த்த மற்ற கிராமங்களை வைத்துக் கணக்கிட்டால், பிறந்து 28 நாளுக்குள் நிகழும் மரணம் 62 சதவீதம் குறைந்தது. 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது. பயிற்சி, மருந்து, விடாத மேற்பார்வை மூன்றும் சேர்ந்து இருந்ததால் அது நடந்தது. இதில் ஒன்றை உருவிவிட்டு, ஊர் ஏன் திருப்தியாக இல்லை என்று கேட்பதில் நியாயமில்லை.

ஊதியத்தையும் சேர்த்துப் பாருங்கள். இந்தியாவில் 2005-இல் தொடங்கிய ஆஷா என்ற அரசுத் திட்டத்தில், ஊர்ச் சுகாதார வேலை செய்யும் பெண்களைத் தன்னார்வலர் என்றே வகைப்படுத்தி, வேலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை கொடுக்கிறார்கள். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. முறையான சம்பளம் கேட்டு அவர்கள் தெருவில் இறங்கிப் போராடுவதும் தொடர்கிறது. அதே உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வேலைக்குத் தகுந்த ஊதியம் கொடுக்க வேண்டும், முழுவதையுமோ பெரும்பகுதியையோ செய்த வேலையின் எண்ணிக்கையோடு கட்டிவைக்க வேண்டாம் என்கிறது. இதற்கும் உங்கள் ஆய்வுக்கும் என்ன தொடர்பு என்றால், தொகை உள்ள வேலை முந்திக்கொள்ளும், தொகை இல்லாத வேலை பின்தங்கும். பிரசவம், தடுப்பூசி பற்றி ஊர் பாராட்டி, முதியவர்கள் பற்றிக் குறைபட்டால், முதலில் ஊக்கத்தொகைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

---

வெளியூரில் இருக்கும் மகள் பதில்:

நான் ஆய்வாளரும் இல்லை, செவிலியரும் இல்லை. ஊரில் தனியாக இருக்கும் அப்பாவுக்காக எழுதுகிறேன். அவருக்குச் சுகர். எங்கள் ஊர்த் தன்னார்வலர் ஒரு நாள் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல், "செருப்பைக் கழட்டுங்கப்பா, காலைக் காட்டுங்க" என்று கேட்டிருக்கிறார். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண். அப்பாவுக்கு வலியே தெரியவில்லை, அதனால் அப்படி ஒன்று இருப்பதும் தெரியவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். விரல் தப்பித்தது. அன்றிலிருந்து அப்பா மருத்துவர் சொல்வதைக்கூட அவரிடம் ஒரு முறை கேட்டுக்கொண்டுதான் செய்கிறார்.

குறை ஒன்றும் உண்டு, அது அவர் மேல் இல்லை. அவர் வரும் நேரத்தை மேலே இருந்து முடிவு செய்கிறார்கள். காலை வேலை நேரத்தில் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. எந்த நேரம் வந்தால் வசதி என்று ஊரை யாரும் கேட்டதில்லை. உங்கள் தாளில் அதைக் கேளுங்கள்.

---

குறிப்பேடு பதில்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. தாளை மாற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். கடைசியாக நடந்த நோய், அன்றைக்கு நடந்தது, என்ன பார்த்தார் என்று விளக்கிச் சொன்னாரா, மருந்து இருந்ததா, சீட்டை ஆஸ்பத்திரியில் மதித்தார்களா, எந்த நேரம் வசதி, யாரும் வராத வீடா என்று போகிறது. ரகசியம் பற்றிய கேள்வியைப் பெண் ஒருவர் தனியாகக் கேட்பார். திருப்திக் கட்டம் கடைசியில் ஒன்றே ஒன்று. தன்னார்வலர்களுக்குத் தனித் தாள்.

இன்னும் ஒரு சிக்கல். எந்தத் தன்னார்வலருக்கு என்ன பதில் வந்தது என்று பெயரோடு தரச் சொல்லி நிறுவனம் கேட்கிறது. ஒரு ஊருக்கு ஒருவர்தான் என்பதால் ஊர்ப் பெயரைப் போட்டாலே ஆள் தெரிந்துவிடும். என்ன செய்யலாம்?

---

செவிலியக்கா பதில்:

பெயரோடு கொடுக்காதீர்கள் தம்பி. ஊர்ப் பெயரும் வேண்டாம். நான்கைந்து ஊர்களைச் சேர்த்து ஒரு தொகுதியாக எழுதுங்கள். களத்தில் இறங்குவதற்கு முன்பே இதை நிறுவனத்திடம் பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது. யாராவது குழந்தைக்கு ஆபத்து வருகிற மாதிரி ஒரு தவறு தெரியவந்தால் அது வேறு, அதை ஆய்வு முடியும் வரை வைத்திருக்காமல் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும்.

முடிவுகளை முதலில் தன்னார்வலர்களிடம் வாசித்துக் காட்டுங்கள், அடுத்து ஊர்க் கூட்டத்தில், அதற்கப்புறம் நிறுவனத்துக்கு. "இது அப்படி இல்லைங்க" என்று அவர்கள் திருத்துவதையும் அறிக்கையில் சேருங்கள்.

மாத்திரை இருப்புப் பதிவேட்டை இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். எந்த மருந்து எந்த மாதம் வரவில்லை என்பது அதில் தேதியோடு இருக்கும். அந்தப் பாட்டி சொன்னதை அதோடு ஒட்டிப் பார்த்து, அந்தப் பக்கத்தை அறிக்கையின் முதல் பக்கமாக வையுங்கள். பாட்டியின் பிரஷர் மாத்திரைக்கு மட்டும் அறிக்கை வரும் வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.